சி2சி12 செல்களைத் தசையாக்கும்போது எந்தப் புரதத்தை எப்போது பார்க்க வேண்டும்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் புது மாணவர்களிடம் நான் முதலில் கொடுப்பது சி2சி12 செல்களைத்தான். 1977-இல் யாஃபே, சாக்ஸெல் இருவரும் சுண்டெலித் தசையிலிருந்து உருவாக்கிய செல்வரிசையின் கிளை இது. தசைப் புரதங்கள் ஒவ்வொன்றாக எழுவதை ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம்.

வளர்க்க, டிஎம்இஎம் என்ற ஊட்டத் திரவத்தில் (மீடியம்) 10% மாட்டுக்கருச் சீரம் போதும். ஃபிளாஸ்க் 60–70% நிரம்புவதற்குள் செல்களைப் புது ஃபிளாஸ்க்குகளுக்குப் பிரித்துவிடுங்கள். இதில் நான் ரொம்பக் கறார். நெருக்கம் கூடினால், ஒன்றோடொன்று இணைந்து தசையாகக்கூடிய செல்கள் இணைந்துவிடும்; இணையாதவைதான் அடுத்த ஃபிளாஸ்க்குக்குப் போகும்.

சோதனைப் பிளேட் மட்டும் 90% வரை நிரம்பட்டும். அப்புறம் பழைய மீடியத்தை எடுத்துவிட்டு, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் விட்டு நன்றாகக் கழுவி, 2% குதிரைச் சீரம் கலந்த மீடியத்தை ஊற்றுங்கள். கழுவுவதில் சோம்பல் வேண்டாம், பழைய சீரம் மிஞ்சக் கூடாது. தசை மரபணுக்களை இயக்கும் மயோடி புரதம் இந்தச் செல்களில் முன்பே இருக்கிறது. நார்த்திசுச் செல்லையே தசைச் செல்லாக மாற்றும் அதன் திறன் 1987-இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் டிஎன்ஏவில் உறுதியாக அமர அதற்கு இ-புரதம் என்ற வகைப் புரதங்களில் ஒன்று ஜோடி சேர வேண்டும். சீரம் நிறைய இருக்கும்வரை ஐடி என்ற புரதமும் நிறைய இருக்கும். அது இ-புரதங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஐடிக்கு டிஎன்ஏவைப் பற்றும் பகுதி கிடையாது, அதனால் அந்த ஜோடியால் எந்த மரபணுவும் இயங்காது. சீரம் குறைந்தால் ஐடியும் குறையும். மயோடிக்கு ஜோடி கிடைக்கும், தசையாக்கத்தை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் மயோஜெனின் என்ற புரதம் எழும், பி21 என்ற புரதம் வந்து செல் பிரிவதை நிறுத்தும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

மீடியம் மாற்றுவதற்கு முன்பே 0 மணி மாதிரியை எடுத்துவிடுங்கள். பிறகு 24, 48, 72, 120 மணி. மயோஜெனின் முதல் நாளிலேயே தெரியத் தொடங்கும்; தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் கனச்சங்கிலி அதற்குப் பின்னால்தான் வரும். புரத அளவை ஒப்பிடும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், மாறாத அளவுகோலாக பீட்டா ஆக்டின் புரதத்தை நம்பாதீர்கள், தசையாகும்போது அதுவே குறையும். மொத்தப் புரதச் சாயம் மேல்.

தினமும் மீடியம் மாற்றும்போது சுவரோரமாக மெதுவாக விடுங்கள். முதிர்ந்த தசைக்குழாய்கள் (செல்கள் இணைந்து உருவான, பல உட்கருக்கள் கொண்ட இழைகள்) சட்டென்று உரிந்து வந்துவிடும்.

கடைசியில் மயோசினுக்கும் உட்கருவுக்கும் சாயமிட்டு எண்ணுங்கள். ஒற்றை உட்கருவுள்ள மயோசின் செல்களைத் தனியாகக் குறியுங்கள். அவை நிறைய இருந்து குழாய்கள் குறைவாக இருந்தால் சிக்கல் இணைவில் இருக்கலாம், செல்களை இணையவைக்கும் மயோமேக்கர் புரதத்தைப் பாருங்கள். மயோசினே வரவில்லையென்றால் 24 மணி மாதிரிக்குத் திரும்பி மயோஜெனினைத் தேடுங்கள்.