வெளிநாட்டுப் படிப்புக்கான பயண ஆவணங்கள்: எதை முதலில் தொடங்குவது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியானதும் விமானச் சீட்டின் விலையைப் பார்க்கத் தொடங்குவது பலருக்கும் இயல்பு. ஆனால் ஆவண வேலையில் சீட்டின் முறை கடைசியில்தான் வருகிறது. சேர்க்கை உறுதிக் கடிதத்துக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள விவரங்கள் வேண்டும். விசா விண்ணப்பத்துக்கு அந்தக் கடிதம் வேண்டும். விசா கைக்கு வராமல் புறப்படும் நாளைக் குறிக்க முடியாது. ஆகவே வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதிக நாள் பிடிக்கும் வேலையை முதலில் கையில் எடுக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டின் செல்லுபடிக் காலம் நுழையும் நாளுக்குப் பின் குறைந்தது 6 மாதமாவது மீதமிருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. மாணவருக்கு அது போதாது. கனடாவில் பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டிப் படிப்பு அனுமதி வழங்குவதில்லை; இரண்டாண்டுப் படிப்புக்கு ஓராண்டு மட்டுமே மீதமுள்ள பாஸ்போர்ட்டுடன் போனால், படிப்பின் நடுவே புதுப்பிக்கும் வேலையும் அனுமதியை நீட்டிக்கும் வேலையும் சேர்ந்து வரும். புதுப்பித்தால் பாஸ்போர்ட் எண் மாறிவிடும் என்பதால், விண்ணப்பங்களில் எண்ணை எழுதும் முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் பெயர். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தின் அடியில், ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அவற்றைத்தான். மேல் வரியில் முதலில் குடும்பப் பெயரும், இரண்டு அம்புக்குறிகளுக்குப் பின் சொந்தப் பெயரும் வரும். எது எந்தப் பக்கம் நிற்கிறதோ அதே வரிசையில் சேர்க்கைக் கடிதம், விசா விண்ணப்பம், விமானச் சீட்டு ஆகிய எல்லாவற்றிலும் நிரப்ப வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களின் அமெரிக்க விசாவில், அந்தப் பெயர் குடும்பப் பெயராகவும், சொந்தப் பெயரின் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்னும் எழுத்துகளும் அச்சாவது உண்டு. அதைப் பிழை என்று எண்ணிப் பதற வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்தும் பாஸ்போர்ட்டில் அதன் விரிவும் இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சான்றொப்பம், அதாவது சான்றிதழ்கள் உண்மையானவை என்று அரசுத் தரப்பில் உறுதிசெய்து பெறுவது. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளுக்கு, அவை தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் என்னும் முத்திரை ஒன்றே போதும்; சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் வரை போக வேண்டியிருக்கும். கனடா 2024 ஜனவரியில் இந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டதால், பழைய வழிகாட்டிகளை நம்பிக் கூடுதல் படிகள் ஏற வேண்டாம். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதைக் கேட்பதில்லை என்பதால், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே செலவு செய்யுங்கள். லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரை பதிக்க இயலாது. பல்கலைக்கழகம் ஒட்டி முத்திரையிட்டுக் கொடுத்த மதிப்பெண் உறையை, உள்ளே இருப்பதைப் பார்க்கும் ஆவலில் பிரித்துவிட்டால் அது செல்லாமல் போகலாம். தனக்கென இன்னொரு படி கேட்டு வாங்கிக்கொள்வதே வழி.

விண்ணப்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் பணச் சான்று. இங்கே தொகையைப் போலவே அது கணக்கில் இருந்த காலமும் எண்ணப்படுகிறது. பிரிட்டனின் பொது விதிப்படி, தேவையான தொகை தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள்கள் முடியும் தேதி விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாள்களுக்குள் அமைய வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஜெர்மனியின் முறை வேறு: முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டு, மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. இத்தகைய தொகைகள் அவ்வப்போது உயரும் என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரக இணையதளத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எந்த நாடானாலும், விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்னால் பெருந்தொகை ஒன்று திடீரென்று கணக்கில் ஏறியிருந்தால் அதிகாரியின் கண் அங்கேதான் நிற்கும். நகை விற்ற ரசீதோ, கடன் ஒப்புதல் கடிதமோ, கொடுத்தவரின் உறுதிமொழியோ உடன் இருந்தால் கேள்வி எழும் முன்பே பதில் இருக்கும்.

மருத்துவத் தாள்களுக்கும் நாள் பிடிக்கும். பிரிட்டன் சில நாட்டவரிடம் கேட்கும் காசநோய்ச் சான்று 6 மாதம் மட்டுமே செல்லும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டு தவணைகளுக்கு இடையே 28 நாள்கள் வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள், பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 என்னும் தகுதிப் படிவத்தில் கையொப்பமிட்டு, விசா நேர்காணலுக்கு முன்பே செவிஸ் எனப்படும் மாணவர் பதிவு முறைக்கான 350 டாலர் கட்டணத்தைச் செலுத்தி, ரசீதை அச்செடுத்து வைக்க வேண்டும். படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக மாணவர் விசாவில் அங்கே நுழைய முடியாது; மலிவான சீட்டு என்று முன்கூட்டிய தேதியில் எடுத்துவிட்டால் அந்த மலிவால் பயனில்லை. பிரிட்டனில் குடியேற்ற அனுமதி இணையக் கணக்கில் பதிவாகும் மின்விசாவாக மாறிவிட்டதால், கையில் உள்ள பாஸ்போர்ட்டே அந்தக் கணக்கில் இணைந்திருக்கிறதா என்று புறப்படும் முன் பார்த்துவிட வேண்டும்.

சீட்டு எடுக்கும்போது இடைவழி நாட்டையும் கவனியுங்கள். இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக எடுத்தால், பெட்டியை மீட்டு மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டின் குடியேற்றச் சோதனையைக் கடக்க வேண்டி வரலாம். அதற்கு விசா இல்லையென்றால் புறப்படும் இடத்திலேயே விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள்.

அசல்கள் அனைத்தும் கைப்பையில் போக வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல. சேர்க்கைக் கடிதம், பணச் சான்று, தங்குமிட முகவரி ஆகிய மூன்றும் மேலாக இருக்கட்டும், ஏனெனில் விசா இருந்தாலும் உள்ளே விடுவதா என்று முடிவெடுப்பவர் நுழைவாயில் அதிகாரிதான். ஒரு தொகுப்பு நகல் வீட்டிலும், இணையம் இல்லாமல் திறக்கக்கூடிய பிடிஎஃப் தொகுப்பு கைப்பேசியிலும் இருக்கட்டும். கனடாவில் படிப்பு அனுமதித் தாளை அந்தக் கவுன்டரிலேயே அச்சிட்டுத் தருவார்கள். வாங்கியவுடன் நகர்ந்துவிடாமல், பெயர், பிறந்த தேதி, காலாவதித் தேதி, வேலை செய்வதற்கான குறிப்பு ஆகியவற்றை அங்கேயே நின்று படியுங்கள். பிழை இருந்தால் அதே அதிகாரியிடம் சில நிமிடத்தில் திருத்திவிடலாம், வெளியே வந்த பிறகு அதற்குத் தனி விண்ணப்பம் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.