கெஜட்டில் பெயர் மாற்றம்: ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அறிவிப்புக் கொடுப்பது எப்படி

தமிழ்நாடு அரசிதழ், அதாவது கெஜட், புதன்கிழமைதோறும் வெளிவருகிறது. அதன் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவு தனியார் அறிவிப்புகளுக்கானது. அதில் பெரும்பகுதி பெயர் மாற்றம்தான். முகப்பில் ஆங்கிலத் தேதி, தமிழ் மாதத் தேதி, திருவள்ளுவர் ஆண்டு எல்லாம் இருக்கும். உள்ளே ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு வரிசை எண், நான்கைந்து வரி வாசகம், கீழே ஊர், நாள், பெயர். பெயர் மாற்றத்துக்காக அலைவதெல்லாம் இந்த நான்கைந்து வரிக்காகத்தான்.

அதே இதழில், அதை வெளியிடும் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை தன் பங்குக்கு ஓர் அறிவிப்பை அச்சிட்டிருக்கும். பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கு அரசு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்பதில்லை, விளைவுகளும் தவறான தகவலும் அறிவிப்பவரையே சாரும் என்பது அதன் சாரம். பலர் இதைப் படிப்பதே இல்லை. கெஜட்டில் வந்துவிட்டால் அரசே பெயர் சூட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கட்டணம் கட்டிப் போடும் விளம்பரம். பழைய பெயரில் இருக்கும் காகிதங்களையும் புதிய பெயரில் வரப்போகும் காகிதங்களையும் அது முடிச்சுப் போடுகிறது. இரு முனையும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் அந்த முடிச்சு நிற்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில், கெஜட் தேவைதானா?

சிலருக்குத் தேவையே இல்லை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமல் இருந்தால், அது பெயர் சேர்ப்பு. பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்த்துக்கொள்ளலாம். ஆவணத்தில் தட்டச்சுப் பிழை என்றால், பிழை செய்த அலுவலகத்தில் திருத்தம் கேட்க வேண்டும். அதைக் கெஜட்டுக்குக் கொண்டுபோனால் பிழையான பெயரை நீங்களே உங்கள் பழைய பெயராக ஒப்புக்கொண்டதாகிவிடும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்ப்பதற்குப் பல இடங்களில் திருமணப் பதிவுச் சான்றிதழே போதும்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று இனிஷியல். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள். ‘எஸ்.’ என்பது ‘சுந்தரம்’ என்று விரிவது பெயர் மாற்றம் ஆகாது. தந்தை பெயர் சுந்தரம் என்பதற்குச் சான்று இருந்தால் போதும். அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்குப் போவது, ஊர்ப்பெயரின் எழுத்தை எடுத்துவிடுவது, ஒரு எழுத்தை இரண்டாக்குவது இவையெல்லாம் மாற்றக் கணக்கில்தான் சேரும்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு தாளில்

படிவத்தைத் தொடும் முன் கையிலுள்ள எல்லா ஆவணங்களையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பான், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட். புள்ளி, இடைவெளி, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, எல்லாவற்றையும் உள்ளபடியே எழுத வேண்டும். ‘எஸ். குமார்’, ‘எஸ் குமார்’, ‘குமார் எஸ்’, ‘குமார் சுந்தரம்’ என்று நாலு அவதாரம் கிடைப்பது இங்கே சாதாரணம்.

‘பழைய பெயர்’ என்று எதைப் போடுவது என்பதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான முடிவு. பள்ளிச் சான்றிதழில் உள்ளதைப் போடுவது பெரும்பாலும் சரி. மற்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், மதிப்பெண் சான்றிதழை மாற்றுவது கடினம் என்பதால் அதற்குத்தான் பாலம் அதிகம் தேவை. ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் வேறு வேறு பெயர் இருந்தால், ‘இன்ன பெயர் என்கிற இன்ன பெயர்’ என்று இரண்டையும் சேர்த்துப் போட முடியுமா என்று விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். அச்சான பிறகு கேட்டுப் பயனில்லை.

புதிய பெயருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். லட்சுமிக்கு ‘எக்ஸ்’ போடுவதா, ‘கே, எஸ், எச்’ போடுவதா? கீதாவில் ‘டி’க்குப் பின் ‘எச்’ உண்டா? எண் கணிதக்காரர் சொன்னபடி கூடுதலாக ஒரு ‘ஏ’ சேர்க்கிறீர்கள் என்றால் அது எந்த இடத்தில்? எண் கணிதம் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஜோசியர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து அலுவலக வாசலில் நின்று படிவம் நிரப்புவதால்தான் பிழைகள் வருகின்றன. பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு வீட்டிலேயே எழுதி, இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

அறிவிப்பைத் தமிழிலும் கொடுக்கலாம், ஆங்கிலத்திலும் கொடுக்கலாம். தமிழில் கொடுத்தால் கட்டணம் குறைவு. ஆனாலும் பாஸ்போர்ட், பான், வங்கி எல்லாம் ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்தே ஒப்பிடும். தமிழ் அறிவிப்பில் ‘லட்சுமி’ என்று மட்டும் இருந்தால், ஆங்கிலத்தில் அது எப்படி என்ற கேள்விக்கு அந்தக் காகிதத்தில் பதில் இருக்காது. தமிழ் ஆவணங்களுக்காக மட்டும் மாற்றுகிறவர்கள் தமிழில் கொடுக்கலாம். மற்றவர்கள் ஆங்கிலத்தில் கொடுப்பதே நல்லது.

படிவமும் இணைப்பும்

இதைக் கவனிப்பது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. அலுவலகம் சென்னை அண்ணா சாலையில். படிவம் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கில அறிவிப்புக்கு 350 ரூபாய், அஞ்சல் செலவு 65 ரூபாய், ஆக 415 ரூபாய் என்பது நெடுநாள் இருந்த கணக்கு. கட்டணம் திருத்தப்படுவதுண்டு, கிளம்பும் அன்றைக்குத் தளத்திலுள்ள படிவம் என்ன சொல்கிறதோ அதுதான் தொகை. அஞ்சலில் அனுப்புகிறவர்கள் டிமாண்ட் டிராஃப்ட் எடுக்க வேண்டும். அதில் துறை இயக்குநரின் பதவிப்பெயரைப் படிவத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். வங்கியில் சுருக்கி எழுதிவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

படிவத்தில் பழைய பெயர், புதிய பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, மாற்றத்துக்கான காரணம் எல்லாம் கேட்கப்படும். கையெழுத்தைப் பழைய பெயரில்தான் போட வேண்டும். புதுக் கையெழுத்தைப் பழகிவிட்ட உற்சாகத்தில் அதையே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. காரணத்தை ஒரே வரியில் முடியுங்கள். புகைப்படத்தில் சான்றொப்பம் வேண்டும். அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ நோட்டரியோ போடும் முத்திரையும் கையெழுத்தும் பாதி படத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும். முத்திரையில் பெயரும் பதவியும் படிக்கும்படி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வயதுக்குப் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று. இரண்டும் இல்லாத பெரியவர்கள் மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்க வேண்டும். முகவரிக்கும் சான்று வைக்க வேண்டும். இவை பொது. விவாகரத்துக்குப் பின் கணவர் பெயரை எடுப்பவர்கள் நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும், தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் தத்துப் பத்திரத்தையும், மதம் மாறியவர்கள் அதற்கான சான்றையும் இணைக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கெஜட்டில் பெயர் மாற்றியிருந்தால் அந்த இதழின் நகல் இல்லாமல் போகாதீர்கள். முதல் பெயரிலிருந்து மூன்றாவது பெயருக்கு நேரே தாவ முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். காப்பாளர் என்றால் அதற்கான ஆவணம் வேண்டும்.

அச்சில் வரும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘எஸ். குமார் ஆகிய நான், தந்தை திரு. சுந்தரம், பிறந்த தேதி 5 ஜூன் 1990 (சொந்த மாவட்டம்: மதுரை), வசிப்பது: கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு, இனி எஸ். குமரவேல் என அழைக்கப்படுவேன்.’

பிறந்த தேதியை அலட்சியமாக விடாதீர்கள். ஒரே பெயரில் ஆயிரம் குமார்கள் இருக்கலாம். அறிவிப்பிலுள்ள குமார் நீங்கள்தான் என்று காட்டுவது தந்தை பெயரும் பிறந்த தேதியும்தான். அந்தத் தேதி மதிப்பெண் சான்றிதழில் வேறாக இருந்தால், பெயர் எவ்வளவு சரியாக அச்சானாலும் அறிவிப்பு கைகொடுக்காது.

நாளிதழ் விளம்பரம்

கெஜட் வேறு, நாளிதழ் விளம்பரம் வேறு. பாஸ்போர்ட்டுக்காக நாளிதழ் விளம்பரம் கேட்கப்படும்போது இரண்டு நாளிதழ்களில் போடுவது வழக்கம். பார்க்க வேண்டியது பதிப்பு. மதுரையில் குடியிருப்பவர் சென்னைப் பதிப்பில் மட்டும் விளம்பரம் கொடுத்தால், குடியிருக்கும் ஊரில் அறிவிப்பே வரவில்லை என்றாகும். நிரந்தர முகவரியும் தற்போதைய முகவரியும் வேறு ஊர்களில் இருந்தால் இரண்டு ஊரும் அந்தப் பதிப்புகளுக்குள் அடங்க வேண்டும்.

வரி விளம்பரம் போதும். கட்டம் கட்டி பெரிதாகப் போட்டால் கூடுதல் மதிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் காசை மிச்சப்படுத்த வாசகத்தைச் சுருக்காதீர்கள். பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், முழு முகவரி, பிரமாணப் பத்திரம் (அஃபிடவிட்) எழுதியிருந்தால் அதன் தேதி எல்லாம் இருக்க வேண்டும். வெளிவந்ததும் விளம்பரத்தை மட்டும் கத்தரித்து வைக்காமல் முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். நாளிதழின் பெயரும் தேதியும் பதிப்பும் பக்கத்தின் தலையில்தான் இருக்கும். கத்தரித்த துண்டு மட்டும் இருந்தால், அது எந்த நாளில் எந்த இதழில் வந்தது என்று காட்ட வழியிருக்காது. தாள் மஞ்சளாகும், ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது.

மத்திய அரசிதழ் யாருக்கு?

மத்திய அரசுப் பணியில் இருப்பவர்கள் இந்திய அரசிதழில் போட வேண்டிவரும். அது டெல்லியிலுள்ள வெளியீட்டுத் துறையின் வேலை. பெயர் மாற்றம் நான்காம் பகுதியில், சனிக்கிழமை இதழில் வரும். அங்கே கெடுபிடி அதிகம். பிரமாணப் பத்திரமும், நாளிதழ் விளம்பரத்தின் அசலும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். வாசகத்தைத் தட்டச்சு செய்துதான் தர வேண்டும், கையால் எழுதக் கூடாது. அதன் மென்பிரதியும் தாளும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கு மாநில அரசிதழ் சரி. ஆனால் கெஜட் வந்ததோடு வேலை முடியாது; துறைத் தலைவர் வழியாகப் பணிப்பதிவேட்டில் ஏற்றவும் வேண்டும்.

இதழ் வந்ததும்

இதழ் அஞ்சலில் வரும். அதற்குக் காத்திருக்காமல் துறையின் தளத்தில் அந்தந்தப் புதன்கிழமை இதழைத் திறந்து உங்கள் அறிவிப்பைத் தேடுங்கள். இதழ் எண், தேதி, வரிசை எண் மூன்றையும் குறித்துக்கொண்டு கோப்பையும் சேமித்துவிடுங்கள். அடுத்து, வீட்டில் எழுதி வைத்த அந்தத் தாளை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். அதற்குப் பிறகு திருத்தம் போட மாட்டார்கள், புதிதாகக் கட்டணம் கட்டி இன்னொரு அறிவிப்புத்தான். பிழை துறையினுடையதா உங்களுடையதா என்று தீர்மானிப்பது நீங்கள் கொடுத்த படிவம். அதன் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் பேச முடியாது.

ஏஜென்ட் மூலம் போட்டவர்கள் அவர் கொடுக்கும் தாளை அப்படியே நம்பிவிட வேண்டாம். தளத்தில் அதே தேதி இதழில், அதே வரிசை எண்ணில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கையிலிருப்பது வெறும் அச்சடித்த தாள்.

எதை முதலில் மாற்றுவது?

ஆதாரிலிருந்து தொடங்குங்கள், மற்றவை அதைப் பார்த்துத்தான் ஒப்பிடுகின்றன. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், ஆகவே ஒரே தடவையில் சரியாக முடிக்க வேண்டும். பெயரை முழுதாக மாற்றினால் கெஜட்டோடு பழைய பெயரில் புகைப்படம் உள்ள ஓர் அடையாள ஆவணத்தையும் கேட்பார்கள். அதனால் ஆதார் முடியும்வரை பழைய பான் அட்டையையும் வாக்காளர் அட்டையையும் மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு பான், வங்கி, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என்று போகலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. பானில் ஒரு பெயரும் வங்கியில் ஒரு பெயரும் இருக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தலைவலி குறையும்.

மதிப்பெண் சான்றிதழ் தனிக் கதை. சி.பி.எஸ்.இ. சான்றிதழ் பற்றிய ஜிக்யா யாதவ் வழக்கில் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், விருப்பத்தின் பேரில் பெயர் மாற்றியவர்களிடம் நீதிமன்றத்தின் முன் அனுமதியோ பிரகடனமோ, அதோடு அரசிதழ் வெளியீடும் வேண்டும் என்று வாரியம் கேட்கலாம் என்றது. சான்றிதழை மாற்றாமல், பழைய பெயரிலுள்ள சான்றோடு கெஜட்டின் நகலையும் சேர்த்து நீட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது; அதுவே நடைமுறைக்கு எளிது.

நிலம், வீட்டுப் பத்திரத்தில் உள்ள பழைய பெயரை யாரும் திருத்தித் தர மாட்டார்கள், திருத்தவும் தேவையில்லை. விற்கும்போது எழுதும் புதுப் பத்திரத்தில் ‘எஸ். குமார் என்கிற எஸ். குமரவேல்’ என்று எழுதி, கெஜட்டின் இதழ் எண்ணையும் தேதியையும் வாசகத்திலேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள். பத்திர எழுத்தருக்கு அந்த ‘என்கிற’ நன்றாகத் தெரியும். இதழ் எண்ணை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.