ட்ராஃப்ட்டுக்கு முன் இளம் டிஃபென்ஸ் வீரரை எடைபோடுவது எப்படி: உயரம், திறன், கழித்தல் கணக்கு

என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் ட்ராஃப்ட். 2012 ட்ராஃப்ட்டில் முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர் டிஃபென்ஸ் வீரர்கள். நான்காவதாக நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட் 6 அடி 4 அங்குலம். என்.எச்.எல்.லில் அவர் ஆடியது மொத்தம் 37 ஆட்டம். அடுத்த பெயராக டொரண்டோ அழைத்தது மார்கன் ரைலியை. முழங்கால் காயத்தால் அந்த சீசனில் ஜூனியரில் (16 முதல் 20 வயதினர் ஆடும் லீக்குகளில்) அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 18 மட்டுமே. கோல்டன் பராய்கோ 86-ஆவது இடத்தில் போனார். ஜேக்கப் ஸ்லேவின் 120-ஆவது இடம்வரை காத்திருந்தார். இவர்கள் மூவரும் என்.எச்.எல்.லில் நிலைத்துவிட்டார்கள்.

பராய்கோ 6 அடி 6 அங்குலம், ஸ்லேவின் 6 அடி 3. ஆகவே உயரமானவரை ஒதுக்குவதும் வழியல்ல, உயரத்துக்கு மயங்குவதும் வழியல்ல. ஜூனியர் ஹாக்கி ஒவ்வொரு பையனுக்கும் ஒரு சலுகை தருகிறது. பெரியவனுக்கு அது எடை: எதிரே நிற்பவன் அவனைவிட இருபது, முப்பது பவுண்டு குறைவு. சின்னவனுக்கு அது நேரம்: எதிராளி அரை விநாடி தாமதமாக வந்து சேர்கிறான். இந்தச் சலுகையைக் கழித்த பிறகு கையில் என்ன மிச்சம் என்று பார்ப்பதுதான் நம் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கழித்தலுக்காகத்தான்.

ஐஸிங், ஆஃப்சைட், பவர் பிளே எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே போகிறேன்.

படி 1: பிறந்த தேதியும் உண்மையான அளவும்

முதல் நெடுவரிசையில் பெயர், இரண்டாவதில் பிறந்த தேதி. உயரம் அதற்குப் பிறகுதான். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்புபவர்கள் அந்த வருட ட்ராஃப்ட்டுக்குத் தகுதி பெறுகிறார்கள். 2025-இல் முதல் ஆளாகப் போன மேத்யூ ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் பிறந்திருந்தால் 2026 ட்ராஃப்ட்டுக்குப் போயிருப்பார். மாறாக, 2018-இல் ஏழாவதாகப் போன குவின் ஹியூஸ் பிறந்தது 1999 அக்டோபர் 14. ஒரே பட்டியலில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம் இருக்கலாம். அதனால் வயதை 17.8, 18.7 என்று தசமத்தில் எழுதுங்கள்.

அணியின் இணையதளத்தில் போடும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம், ஓர் அங்குலம் கூடுதலாக இருப்பது சகஜம். என்.எச்.எல்.லின் வீரர் தேடல் பிரிவான சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பட்டியலையும், ஜூன் தொடக்கத்தில் பஃபலோவில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமின் அளவுகளையும் பாருங்கள். கம்பைனில் உயரம், எடையோடு கை விரிப்பையும் அளக்கிறார்கள். டிஃபென்ஸ் வீரருக்கு உயரத்தைவிட அதுதான் முக்கியம். பக் என்ற ஆட்ட வட்டைத் தட்டிப் பறிப்பது தலை அல்ல, கையும் ஸ்டிக்கும்தான். ஸ்டிக்கின் தண்டு 63 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 6 அடி 6 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் சிறப்பு அனுமதியோடு 65 வரை போகலாம். நீண்ட கை உள்ள 6 அடி 1 அங்குலப் பையன், குட்டைக் கை உள்ள 6 அடி 3 அங்குலப் பையனைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வான்.

எடையைப் பார்க்கும்போது எண்ணோடு உடலையும் பாருங்கள். 6 அடி 3 அங்குலத்தில் 175 பவுண்டு என்றால் இன்னும் இருபது பவுண்டு ஏற இடம் இருக்கிறது. அதே உயரத்தில் 17 வயதிலேயே 215 பவுண்டு என்றால் உடல் ஏற்கெனவே ஆள் உடல், இனி வளரப்போவது குறைவு. லேன் ஹட்ஸன் 2022-இல் 5 அடி 8 அங்குல அளவில்தான் இருந்தார். எலும்பு வளர்ச்சி இன்னும் முடியவில்லை என்ற மருத்துவரின் கடிதத்தோடு அணிகளைச் சந்தித்தார். 62-ஆவது இடத்தில் மாண்ட்ரியல் எடுத்தது. 2024-25-இல் 66 புள்ளிகளோடு (கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து) சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கினார்.

படி 2: கால்

பின்னோக்கிச் சறுக்குவதிலிருந்து முன்னோக்கித் திரும்பும் அந்த ஒரு கணத்தைப் பாருங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக. பெரும்பாலான பையன்களுக்கு ஒரு பக்கம் சரளமாக இருக்கும், மறுபக்கம் ஒரு கூடுதல் அடி எடுத்து வைப்பார்கள். உயரமான பையன் முழங்காலை மடக்காமல் நிமிர்ந்தே திரும்பினால் குறித்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டு வேகத்தை நான் பெரிதாக எண்ணுவதில்லை. முதல் மூன்று அடிகள் போதும்.

படி 3: மூலையிலிருந்து பக்கை மீட்பது

ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

எதிரணி பக்கை மூலைக்குள் அடித்துவிடுகிறது. நம் பையன் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போகிறான். பின்னால் ஃபோர்செக்கர், அதாவது பக்கைப் பறிக்க வரும் எதிராளி, பாய்ந்து வருகிறான். இந்த இரண்டு, மூன்று விநாடிகளில் உயரமும் திறனும் ஒன்றாகச் சோதனைக்கு வருகின்றன. பார்க்க வேண்டியவை:

தலை எத்தனை முறை திரும்புகிறது? ஓடத் தொடங்கும்போது ஒரு முறை, பக்கைத் தொடுவதற்குச் சற்று முன் ஒரு முறை, குறைந்தது இரண்டு. ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் தப்பித்தால் அது அதிர்ஷ்டக் கணக்கு. அடுத்து, பாதை. பக்கை நோக்கி நேராக ஓடுகிறானா, லேசாக வளைந்துபோய் இடுப்பை மைதானத்தின் பக்கம் திறந்து வைக்கிறானா? பிறகு முதல் தொடுதல். பக் ஸ்டிக்கில் பட்ட கணத்தில் கால் நிற்கிறதா, ஓடிக்கொண்டே இருக்கிறதா? கடைசியாக, ஏமாற்று. ஒரு பக்கம் பார்த்து மறு பக்கம் போகிறானா?

முடிவைக் குறிக்க நான்கு எழுத்து போதும். பக்கை வைத்துக்கொண்டோ சக வீரருக்குத் துல்லியமாகக் கொடுத்தோ வெளியே வந்தால் 'க'. மைதானத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் அடித்துத் தள்ளிவிட்டால் 'த'. ஐஸிங் (நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே எதிரணியின் கோல் கோட்டைத் தாண்ட அடிப்பது) ஆனால் 'ஐ'. பறிகொடுத்தால் 'இ'. அதன் பக்கத்திலேயே இன்னொரு குறி: பக்கைத் தொட்டபோது ஃபோர்செக்கர் ஒரு ஸ்டிக் நீளத்துக்குள் இருந்தானா, இல்லையா?

இந்தக் கடைசிக் குறியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதோடு கணக்கு முழுவதும் கெட்டுப்போகிறது. ஆளே வராதபோது எடுத்த பக்கும் ஆள் முதுகில் ஏறும்போது எடுத்த பக்கும் ஒரே 'க' ஆகிவிட்டால், பலமான அணியில் ஆடும் சுமாரான பையன் மேலே வந்துவிடுவான். அழுத்தம் இருந்தவற்றை மட்டும் தனியே கூட்டுங்கள். அப்படிப்பட்டவை 50 சேரும்வரை முடிவு சொல்ல வேண்டாம்.

இனி கழித்தல். பெரிய பையனின் ஒவ்வொரு 'க'வையும் பார்த்துக் கேளுங்கள்: காலாலும் கண்ணாலும் தப்பித்தானா, இடுப்பை வைத்து மறைத்து மோதலைத் தாங்கித் தப்பித்தானா? இரண்டாவது வகை 17 வயதுப் பையனுக்கு எதிரே எளிது. 28 வயதில் 210 பவுண்டோடு வரும் என்.எச்.எல். ஃபார்வர்டுக்கு எதிரே அது பாதியாகக் குறையும். சின்னப் பையனுக்கு வேறு கேள்வி: ஃபோர்செக்கருக்கு என்ன வயது? ஒன்டாரியோ ஜூனியர் லீகான ஓ.எச்.எல்.லில் 16 முதல் 20 வயது வரை கலந்து ஆடுகிறார்கள். 19, 20 வயதுக்காரர்கள் துரத்தியபோது வந்த 'க'க்களை மட்டும் பிரித்தெடுங்கள். அங்கேயும் எண்ணிக்கை நின்றால் அவன் உயரம் என்னைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை.

ஒரு எச்சரிக்கை. சில பயிற்சியாளர்கள் கண்ணாடியில் அடித்து வெளியேற்றும்படியே சொல்லிவைப்பார்கள். 'த' அதிகம் இருந்தால் அதே அணியின் மற்ற டிஃபென்ஸ் வீரர்களையும் ஓர் ஆட்டத்துக்கு எண்ணிப் பாருங்கள். எல்லோருக்கும் 'த' என்றால் அது அணியின் முறை, பையனின் குறை அல்ல. அதேபோல, நல்ல பாஸைச் சக வீரர் தவறவிட்டாலும் அது 'க'தான்.

படி 4: நீலக்கோட்டில் இடைவெளி

எதிராளி பக்கோடு நம் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தொடும்போது அவனுக்கும் நம் பையனுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு ஸ்டிக் நீளத்துக்குள் இருந்தால் நல்லது. கோட்டைத் தாண்டவிட்டானா, நிறுத்தினானா, பக்கை உள்ளே அடித்துவிட்டு ஓட வைத்தானா என்று மூன்று கோடு போடுங்கள். ஸ்லேவின் போன்றவர்கள் பிழைப்பு நடத்துவது இங்கேதான். புள்ளிப் பட்டியலில் இது எங்கேயும் தெரியாது. மோதல் எண்ணிக்கையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஓயாமல் மோதுகிற டிஃபென்ஸ் வீரரின் அணி ஓயாமல் பக் இல்லாமல் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

படி 5: புள்ளிகள்

பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்) வந்த புள்ளிகளைக் கழித்துவிட்டு ஐந்துக்கு ஐந்தில் வந்ததை மட்டும் எழுதுங்கள். என்.எச்.எல்.லுக்குப் போனால் பவர் பிளேயில் பெரும்பாலும் ஒரே ஒரு டிஃபென்ஸ் வீரர்தான் நிற்பார், அந்த இடம் காலியாக இருப்பது அரிது. அடுத்து, இரண்டாவது அசிஸ்ட்டுகளை (கோலுக்கான கடைசிப் பாஸுக்கு முந்தைய பாஸை) தனியே வையுங்கள். பக் யார் ஸ்டிக்கிலோ பட்டுப் போனதற்கெல்லாம் அது கிடைத்துவிடும்.

கருவிகள்

ரூல்டு நோட்டும் பென்சிலும். வீட்டில் வந்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றலாம். அரங்கத்திலேயே ஃபோனில் தட்டிக்கொண்டிருந்தால் தலை திரும்பும் அந்தக் கணம் கண்ணுக்குத் தப்பிவிடும். பிறந்த தேதி, எந்தக் கை ஆட்டக்காரர் போன்ற விவரங்களுக்கு எலீட் பிராஸ்பெக்ட்ஸ் தளம் போதும். நேரலை ஒளிபரப்பு படி 3-க்குச் சரி, படி 4-க்கு உதவாது. கேமரா பக்கைத் துரத்துவதால் நடு மைதானத்தில் நம் பையன் எங்கே நிற்கிறான் என்றே தெரியாது. அதற்கு நேரில்தான் போக வேண்டும். கனடாவில் ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஆஷவா ஜெனரல்ஸ் அரங்கம் கிட்டத்திலேயே இருக்கிறது. கோல் கோட்டுக்குப் பின்னால், எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரமான வரிசையில் உட்காருங்கள். கண்ணாடியை ஒட்டிய இருக்கை வேகத்தை உணர நல்லது, இடைவெளியை அளக்க ஆகாது.

பிறகு சேர்த்தது: வாசகர்கள் கேட்டவை

ஐரோப்பியப் பையன்களுக்கு இதே அளவுகோலா? படி 4-ஐ மாற்ற வேண்டும். என்.எச்.எல். மைதானத்தின் அகலம் 85 அடி, அதாவது ஏறத்தாழ 26 மீட்டர். ஐரோப்பாவில் 30 மீட்டர் அகல மைதானங்களும் உண்டு. அங்கே ஓரத்தில் கூடுதல் இடம் இருப்பதால் இடைவெளி கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். ஆனால் ஆண்கள் லீகில் ஆடும் பையன் என்றால் படி 3-இன் கழித்தல் பாதி முடிந்தது மாதிரி. எதிரே வருபவர்கள் வளர்ந்த ஆட்கள்.

காயத்தால் குறைவாக ஆடியவரை என்ன செய்வது? ரைலியைப் போலவே ஷேஃபரும் தன் ட்ராஃப்ட் வருடத்தில் ஓ.எச்.எல்.லில் 17 ஆட்டம்தான் ஆடினார். 50 மீட்புகள் சேரவில்லை என்றால் அதற்கு முந்தைய சீசனின் காணொளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வேறு நிற பேனாவில். ஒரு வருடம் இளைய உடலின் எண்கள் அவை.

முதல் வருடம் யாரும் எடுக்காமல் விட்டவரைப் பார்க்கலாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். பராய்கோ 2011-இல் தகுதி பெற்றும் எவரும் அழைக்கவில்லை, மறு வருடம்தான் செயின்ட் லூயிஸ் எடுத்தது. 2019 ஸ்டான்லி கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வருட அளவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, உயரம் ஏறியபோது படி 2-இன் திருப்பம் கெட்டதா, நிலைத்ததா என்று மட்டும் பாருங்கள்.

வலது கை ஆட்டக்காரர்களுக்குக் கூடுதல் மதிப்பு தரலாமா? டிஃபென்ஸில் அவர்கள் குறைவு, அதனால் அணிகள் கொஞ்சம் முன்னதாகவே எடுக்கும். உங்கள் பட்டியலில் இரண்டு பையன்கள் சமமாக நின்றால் வலது கையனை மேலே வையுங்கள். சமமாக இல்லாவிட்டால் வேண்டாம்.