பைக்காராவை நூல் பிடித்து இறங்குவது: டோபோ ஷீட்டில் ஆற்றைத் தொடரும் முறை

முக்கூர்த்திச் சிகரத்தடியில் (2,554 மீ.) புறப்படும் பைக்காரா வடக்கே ஓடி, நீலகிரி மேட்டின் விளிம்பில் மேற்கே திரும்பி, அருவிகளாக இறங்குகிறது. கீழே போனதும் அதற்குப் பெயர் மோயாறு. முதுமலைக் காட்டில் கிழக்கே ஓடிப் பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. வழியில் பெரும்பகுதி புலிகள் காப்பகம், நடந்து பார்க்க முடியாது. வரைபடம்தான் வழி.

தேவை: 1:50,000 டோபோ ஷீட்டுகள், அதாவது மேடுபள்ளத்தையும் காட்டும் நில அளவை வரைபடத் தாள்கள் (பழைய எண்ணில் 58ஏ, கடைசித் துண்டுக்கு 58இ), முறுக்கு இல்லாத பருத்தி நூல், குண்டூசி, ஸ்கேல்.

முதலில் ஓட்டத்தின் திசை. ஆற்றைக் கடக்கும் இடத்தில் சம உயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வளைந்து கூராகும். அந்தக் கூர் மேல்நோக்கி, ஆறு வரும் பக்கம் காட்டும். மலைமுகட்டில் கூர் பள்ளத்தைக் காட்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் உயர எண்ணைப் படித்துவிட்டால் குழப்பம் தீரும்.

பிறகு நூலை ஈரமாக்கி ஆற்றின் மேல் வைத்து, வளைவுக்கு ஒரு குண்டூசி குத்துங்கள். வளைவைக் குறுக்கே வெட்டினால் நீளம் குறைந்துவிடும். தெப்பக்காட்டுப் பக்கம் இது நிறையவே நடக்கும். 1 செ.மீ. நூல் அரை கிலோமீட்டர்.

சரிவுக்கு: 4 செ.மீ. நூலுக்குள் 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளில் ஐந்து இடைவெளி இறங்கினால், 2 கி.மீ.க்கு 100 மீ., அதாவது 1:20. இடைவெளி எவ்வளவு என்பதைத் தாளின் விளிம்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய தாளில் அது அடிக்கணக்கு. கோடுகள் ஒட்டிக்கொண்டு பழுப்புப் பட்டையாகத் தெரிந்தால் அங்கே பாறைச்சுவர். மோயாற்றின் நீண்ட மலையிடுக்கு அப்படித்தான் தெரியும். அங்கே கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். ஐந்துக்கு ஒன்றாக வரும் தடித்த கோடுகளை மட்டும் எண்ணி, 20 மீட்டர் இடைவெளித் தாளில் ஒவ்வொன்றுக்கும் 100 மீ. கொள்ளுங்கள்.

ஆறு இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று நம்பாதீர்கள். பைக்காராவின் நீரைக் கிளன்மார்கன் வழியாகக் குழாயில் இறக்கிச் சிங்காராவில் மின்சாரம் எடுக்கிறார்கள். மரவகண்டி அணையைத் தாண்டி, மோயாறு மின்நிலையத்தைச் சுழற்றிய பிறகே அது ஆற்றுக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட படுகை பல மாதம் வெறும் பாறை. ஆகவே குழாயையும் கால்வாயையும் வேறு நிற நூலில் தனியாக அளக்க வேண்டும்.

முடிவுப்புள்ளி பவானிசாகர் அணைச்சுவர். நீர்விளிம்பில் நிறுத்தினால், அணை நிரம்பிய மாதத்தில் ஒரு நீளமும் வற்றிய மாதத்தில் இன்னொரு நீளமும் வரும்.