ஒரே அச்சில் வார்த்த படைவீரர் பொம்மைகளைத் தனித்தனி ஆளாக்குவது எப்படி?

ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982-இல் மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் ஜி.ஐ. ஜோ படைவீரர் பொம்மைகளை வெளியிட்டபோது, செலவைக் குறைப்பதற்காகப் பல வீரர்களுக்கு ஒரே தலையையும் ஒரே உடலையும் பயன்படுத்தியது. ஸ்னேக் ஐஸ் என்ற வீரருக்கு வண்ணப் பூச்சே கிடையாது; முழுக் கறுப்பு பிளாஸ்டிக்கில்தான் அவர் வெளிவந்தார். அப்படியிருந்தும் அவர்களைத் தனித்தனி ஆட்களாக நிலைநிறுத்தியவை, பொம்மை வைத்து விற்கப்பட்ட அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டு, வீரரின் புனைபெயர், பிறந்த ஊர், படையில் அவருக்குரிய பணி ஆகியவற்றைச் சொன்ன குறிப்புகளே. லாரி ஹாமா எழுதிய அக்குறிப்புகளே நமக்கும் வழிகாட்டி. எனவே தூரிகைக்கு முன்பாகப் பேனாவை எடுக்க வேண்டும்.

முதலில், உங்கள் வீரரைப் பற்றி ஐந்தாறு வரிகள் எழுதுங்கள். வயது, ஊர், பணி, எந்தக் கையால் சுடுவார், எத்தனை மாதங்களாகக் களத்தில் இருக்கிறார் என்பவை போதும். "துணிச்சல் மிக்கவர்" என்று எழுதினால் வண்ணம் பூசும்போது அது எதற்கும் உதவாது. "எட்டு மாதமாக வானொலிக் கருவியைச் சுமப்பவர்" என்று எழுதினால் எந்தத் தோளில் துணி வெளுத்திருக்கும் என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பிரித்தல். அரிய பொம்மைகளைத் தொடாமல், துணைக்கருவிகள் தொலைந்துபோன சாதாரணப் பொம்மைகளை வாங்கிப் பழகுங்கள். முதுகிலுள்ள ஒற்றைத் திருகாணியைக் கழற்றினால் மார்பும் முதுகும் இரண்டாகப் பிரிந்து, தலையும் கைகளும் தனியே வந்துவிடும். இடுப்பையும் கால்களையும் உடலோடு இழுத்துப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் வளையம். பழைய பொம்மைகளில் அது காய்ந்து அறுந்துவிடும் என்பதால் புதியதை மாற்றிவிடுவது நல்லது. முழங்கைக்கு மேல் சுழலும் கைகள் 1983-இல்தான் வந்தன. துப்பாக்கியை இரு கைகளாலும் பிடிக்க வேண்டிய வீரருக்கு அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

உறுப்புகளை மாற்றிப் பொருத்திப் பார்த்து முடிவு செய்தபின், சோப்பு நீரில் கழுவி நன்றாக உலரவிடுங்கள். மூட்டுகள் உரசும் இடங்களை உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். இல்லையெனில் வண்ணத்தின் தடிமனே அங்கே உராய்ந்து, பூச்சு பெயர்ந்துவிடும். தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள். மீசை, மடித்துவிட்ட சட்டைக்கை போன்றவற்றை இரு பகுதிகளைக் கலந்து பிசையும் எபாக்சிக் களிமண்ணால் செய்து, ஓர் இரவு இறுக விடலாம்.

வண்ணத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக் போதும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசாமல், நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று முறை பூசுங்கள். கண்குழி, கன்ன எலும்பின் கீழ்ப்பகுதி, தாடை நிழல் ஆகியவற்றில் தோலின் நிறத்தைச் சற்று அடர்த்தியாக்கினால், அதே அச்சில் வந்த முகம்கூட வேறு வயதைக் காட்டும். இந்த அளவிலான முகத்தில் கண்ணுக்கு வெள்ளை பூசுவதை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லா வீரர்களும் திடுக்கிட்டு விழிப்பவர்களாகிவிடுவார்கள். அடர்பழுப்பில் ஒரு மெல்லிய கோடு போதும்.

வீரருக்கு உயிர் வருவது அழுக்கிலும் தேய்மானத்திலும்தான். ஆகவே இங்கே நிதானம் தேவை. சேற்றை எல்லார்மீதும் ஒரே மாதிரி பூசினால், நீங்கள் அதுவரை செய்த வேறுபாடு அனைத்தும் மறைந்துவிடும். வண்டி பழுதுபார்ப்பவருக்கு விரல்களிலும், அவர் கையைத் துடைத்துக்கொள்ளும் தொடைப் பகுதியிலும் கறுப்பு மசகு இருக்கும். படுத்துச் சுடும் இயந்திரத் துப்பாக்கி வீரருக்கு முழங்கைகளும் மார்பும் மண்ணேறியிருக்கும். காயமுற்றவர் அருகே மண்டியிடும் மருத்துவ வீரருக்கு முழங்கால்கள். புதிதாக வந்து சேர்ந்தவரின் சீருடை பச்சை மாறாமல் இருக்கட்டும். மற்றவர்களின் நடுவே அவர் யாரென்று தானே விளங்கும்.

உண்மையான படங்களைப் பார்ப்பது பெரிதும் உதவும். வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் தலைக்கவசத்தின் துணி உறையில் ஊர்ப் பெயரையும், வீடு திரும்ப எஞ்சியிருக்கும் மாதங்களையும் பேனாவால் எழுதிவைத்தார்கள். அதைச் சுற்றியிருந்த எலாஸ்டிக் பட்டையில் கொசுவிரட்டிப் புட்டியையோ சிகரெட் பெட்டியையோ செருகிக்கொண்டார்கள். அந்தக் காலத்து வீரரை உருவாக்குகிறீர்கள் என்றால், மிக நுண்ணிய முனையுள்ள பேனாவால் ஓரிரு எழுத்துகளும், பிளாஸ்டிக் துண்டில் வெட்டிய ஒரு சிறு புட்டியும் போதும்.

இறுதியாக, பளபளப்பில்லாத அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசுங்கள். சில தெளிப்பான்களிலுள்ள கரைப்பான் பேனா மையைக் கலைத்துவிடும். மென்மையான பிளாஸ்டிக்கில் பிசுபிசுப்பையும் உண்டாக்கும். முழுவதும் உலர்ந்தபின் உறுப்புகளைப் பூட்டி, துப்பாக்கியைக் கொடுக்கும் முன் பொம்மையின் கையை வெந்நீரில் சற்று நேரம் வைத்திருங்கள். குளிர்ந்த நிலையில் கட்டைவிரல் எளிதில் முறிந்துவிடும். திருகாணியை, தூக்கிய கை தானாகக் கீழே சரியாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அதற்குமேல் திருகினால் உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் புரி தேய்ந்து, திருகாணி பிடிக்காமல் போய்விடும்.