பழைய ஷெவ்ரலே பிக்கப்பில் பொறி வரவில்லையா? மாட்யூலை வாங்கும் முன் இதைப் பாருங்கள்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் பிளக்கில் பொறி இல்லை. 1975 முதல் வந்த வி8 ஷெவ்ரலே சி10 பிக்கப்புகளில் இப்படி ஆனதும் பலர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் எச்.இ.ஐ. (மின்னணு பற்றவைப்பு முறை) மாட்யூலை மாற்றிவிடுகிறார்கள். பாதி நேரம் அது பழுதாகியே இருக்காது.

முதலில் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, உள்ளே சுற்றும் ரோட்டரைப் பாருங்கள். அது சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கேம் தண்டைச் சுற்றவைக்கும் டைமிங் செயின் போயிருக்கும். இந்த எஞ்சின்கள் பலவற்றில் கேம் பல்சக்கரத்தின் பற்கள் நைலான். அப்படியானால் எந்த மின்பாகத்தை மாற்றியும் பயனில்லை.

அடுத்தது மின்னழுத்தம். சாவியைத் திருப்பி 12 வோல்ட் பார்த்ததோடு நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. மூடியில் ‘பேட்’ (BAT) என்று குறித்த முனையில், செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும். 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி, சாவி சுவிட்ச், வயர் மூன்றையும் சந்தேகப்படுங்கள். பாயின்ட் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பழைய தொடர்பு முனை) வைத்த பழைய வண்டியில் எச்.இ.ஐ. மாட்டியிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் பழைய ரெசிஸ்டன்ஸ் வயர் இன்னும் இருக்கலாம். அதை எடுத்துவிட்டு நேர் வயர் இழுக்க வேண்டும்.

மூடியிலுள்ள ‘டேக்’ (TACH) முனையில் செருகிய வயரைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் வேகம் காட்டும் டேக்கோமீட்டருக்குப் போகும் அந்த வயர் எங்காவது பாடியில் உரசி எர்த் ஆனாலே பொறி நின்றுவிடும். பிறகு அதே முனையில் டெஸ்ட் லைட் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். விளக்கு மினுக்கினால் மாட்யூலும், தண்டு சுற்றுவதை உணர்ந்து அதற்குச் சைகை தரும் பிக்கப் காயிலும் வேலை செய்கின்றன; பழுது உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில், மூடி, ரோட்டர் பக்கம். ரோட்டரைக் கழற்றி அடிப்பக்கம் திருப்புங்கள். நடுவில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி தெரிந்தால், மின்சாரம் அதைத் துளைத்துத் தண்டு வழியாக எர்த் ஆகிறது.

விளக்கு மினுக்கவில்லை என்றால் பிக்கப் காயில் முதல் சந்தேகம். அதன் இரண்டு வயருக்கும் இடையே 500 முதல் 1500 ஓம் வரை இருக்க வேண்டும். எந்த வயரிலிருந்தும் பாடிக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. வயர் அறுந்திருந்தாலும் சும்மா அளந்தால் சரியாகவே காட்டலாம். டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கத்தில் இருக்கும், பொறி நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸை உறிஞ்சி அசைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். அட்வான்ஸ் அசைய அசைய அந்த வயர் வருடக்கணக்கில் வளைந்து, மேல்தோல் முழுசாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். எண் தாவினால் அதுதான் பழுது.

பிளக் வயரைக் கையில் பிடித்து, எஞ்சினிலிருந்து தூரத்தில் வைத்துப் பொறி பார்க்காதீர்கள். போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் ரோட்டரையும் மாட்யூலையும் துளைக்கும், உங்களுக்கும் ஆபத்து. எச்.இ.ஐ.க்கு உரிய ஸ்பார்க் டெஸ்டர் வாங்கி, அதன் கிளிப்பை எஞ்சினில் மாட்டிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு மாட்யூல்தான் என்று தெரிந்தால், புதியதின் அடியில் சிலிகான் கிரீஸ் பூச மறக்காதீர்கள். பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, அடிப்பரப்பு முழுக்க மெல்லிய படலமாகத் தடவி, திருகுகளை இறுக்குங்கள். வெப்பம் டிஸ்ட்ரிப்யூட்டர் உடலுக்கு இறங்குவது அந்தப் படலம் வழியாகத்தான். வெறுமனே மாட்டிய மாட்யூல் சூடேறி வழியிலேயே நின்றுவிடும்.