மூணு தடவை எடுத்தும் ஃபீல்டு டெஸ்ட் சரியில்லையா? ரிப்போர்ட்டை இப்படிப் படியுங்கள்

போன மாதம் என் சித்தி மகள் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வீட்டுக்கு வந்தாள். 24 வயது, மைனஸ் ஏழரை பவர், ஐந்து மாதத்தில் மூன்று ஃபீல்டு டெஸ்ட் (நடுவில் பார்த்தபடியே, சுற்றி வரும் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தும் பார்வைப் பரப்பு டெஸ்ட்), மூன்றிலும் இயல்புக்கு வெளியே என்று அச்சாகியிருந்தது. “அக்கா, எனக்கு கிளாக்கோமாதானே? அம்மாகிட்ட இன்னும் சொல்லல” என்று கேட்டுவிட்டு டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கிளாக்கோமா என்றால் பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகும் நோய், பெரும்பாலும் கண் அழுத்தம் கூடி வருவது. நான் ஆப்டோமெட்ரிஸ்ட், இந்த டெஸ்ட் எடுப்பது என் வேலை. இன்ன நோய் என்று முடிவு சொல்வது கண் டாக்டரின் வேலை. அன்றைக்குத் தாள்களைத் தரையில் பரப்பி அவளோடு பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஹம்ஃப்ரி என்ற ஃபீல்டு டெஸ்ட் மெஷினின் ரிப்போர்ட்டை வைத்துத்தான்.

1. தாள்களைப் பிரித்து அடுக்குங்கள்

வலது கண் தனி, இடது கண் தனி, தேதி வரிசையில். மேலே டெஸ்ட்டின் பெயர் இருக்கும். 24-2 என்றால் 54 இடங்களில், 6 டிகிரி இடைவெளியில் பார்த்தது. 10-2 என்றால் நடுப்பகுதியை மட்டும் 68 இடங்களில் நெருக்கமாகப் பார்த்தது. இது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பிறந்த தேதியையும் பாருங்கள், சிரிக்காதீர்கள், மெஷின் உங்களை உங்கள் வயதுக்காரர்களோடுதான் ஒப்பிடுகிறது, தேதியைத் தப்பாகத் தட்டியிருந்தால் ஒப்பீடே தப்பு.

2. இந்தத் தாளை நம்பலாமா?

இடது மேல் மூலையில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது, பார்வை நடுவிலிருந்து விலகியதா என்பது. நம் எல்லோருக்கும் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. மெஷின் வேண்டுமென்றே அங்கே வெளிச்சம் போடும், நீங்கள் பட்டனை அழுத்தினால் கண் எங்கோ அலைகிறது என்று அர்த்தம். 20 சதவீதத்துக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். இரண்டாவது, வெளிச்சமே வராதபோது அழுத்தியது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், 15 சதவீதத்தைத் தாண்டினால் நான் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுவேன், ஏனென்றால் அவசரக் கை உண்மையான குறையைக்கூட மறைத்துவிடும். மூன்றாவது, முன்பு பார்த்த இடத்திலேயே அதைவிடப் பிரகாசமாகக் காட்டியும் அழுத்தாதது. பெரும்பாலும் அசதி, சில சமயம் நிஜமான குறை.

அவளுடைய முதல் தாளில் முதல் எண்ணே 9/14, அதாவது 14 தடவையில் 9 தடவை. “அந்த வெளிச்சம் எங்கே வருதுன்னு தேடினேன்க்கா” என்றாள். தேடக் கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

3. கறுப்புப் படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

எல்லோர் கண்ணும் முதலில் போவது அந்தச் சாம்பல் நிறப் படத்துக்குத்தான். அதில் புள்ளிகளுக்கு நடுவில் உள்ளதெல்லாம் மெஷின் நிரப்பியது. கீழே பேட்டர்ன் டீவியேஷன் என்ற கட்டத்துக்குப் போங்கள், ஒட்டுமொத்த மங்கலைக் கழித்துவிட்டு மிச்சமுள்ள குறையைக் காட்டுவது அது. பக்கத்தில் இருக்கும் டோட்டல் டீவியேஷன் (உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்ட மொத்த வித்தியாசம்) முழுக்கக் கறுத்து, இது மட்டும் சுத்தமாக இருந்தால், ஒட்டுமொத்தமாக மங்கலாகப் பார்த்திருக்கிறீர்கள்: லென்ஸ் பவர் சரியில்லை, கண் வறட்சி, இப்படி ஏதாவது இருக்கலாம்.

இரண்டாவது தாளில் ஓரத்தைச் சுற்றி வளையம் போல் கறுப்பு. அது கண்ணில் இல்லை, கண்ணுக்கு முன்னால் வைத்த லென்ஸின் விளிம்பு. பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இது நிறையவே நடக்கும், கான்டாக்ட் லென்ஸ் போட்டு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. மேல்பக்கம் மட்டும் கறுத்தால் இமை தொங்கியதா என்று கேளுங்கள்.

4. அதே இடமா?

பேட்டர்ன் டீவியேஷன் கட்டங்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மூன்று தடவையும் “சரியில்லை” என்பதும், மூன்று தடவையும் ஒரே இடத்தில் சரியில்லை என்பதும் ஒன்றல்ல. கண் அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், முதல் தடவை கோளாறு காட்டிய நம்பகமான ரிப்போர்ட்டுகளில் சுமார் 86 சதவீதம் மறு டெஸ்ட்டில் உறுதியாகவில்லை. (அவர்கள் 40 வயதும் அதற்கு மேலும், ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும்.) ஒட்டி ஒட்டி மூன்று புள்ளிகளாவது அடுத்தடுத்த தாள்களில் அங்கேயே நின்றால் அதை விடாமல் பிடிக்க வேண்டும்.

5. வடிவம் என்ன?

படுக்கைக் கோட்டை ஒட்டி வளைந்து மேலேயோ கீழேயோ நின்றால் பார்வை நரம்புப் பக்கம் சந்தேகம் போகும். கிளாக்கோமா அதில் ஒன்று. இரண்டு கண்ணிலும் நட்டக் கோட்டை ஒட்டி வெட்டினாற்போல் நின்றால் மூளைப் பக்கம் பார்க்க வேண்டும். இரு கண்ணிலும் காதுப் பக்கம் போயிருந்தால் பிட்யூட்டரியில் (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். குருட்டுப் புள்ளி மட்டும் பெரிதாகி, தலைவலியும் இருந்தால் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

அவளுடைய மூன்றாவது தாள் நம்பகமானது, காதுப் பக்கம் மேலே ஒரு திட்டு. ஆனால் நட்டக் கோட்டில் நிற்காமல் அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போயிருந்தது. கிட்டப்பார்வை அதிகமாகி நரம்பு சாய்வாக நுழையும் கண்களில் இப்படி வரும், அந்த இடத்து விழித்திரைக்கு லென்ஸ் பவர் போதாததால்.

6. டாக்டரிடம் கேட்க வேண்டியது

கண் அழுத்தம் எவ்வளவு, நரம்பின் போட்டோ எடுத்தாயிற்றா, ஓசிடி (விழித்திரை, நரம்பின் அடுக்குகளை அளக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட் இந்தத் திட்டோடு பொருந்துகிறதா. கிட்டப்பார்வை அதிகம் என்றால் ஓசிடியில் சிவப்பு வந்தவுடனே நோய் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஒப்பிடும் கண்கள் உங்கள் கண் மாதிரி இருக்காது. அப்புறம் நீங்களாகச் சொல்ல வேண்டியது: வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா உண்டா, காசநோய்க்கு எதம்ப்யூட்டால் சாப்பிடுகிறீர்களா, கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் வாங்கி ஸ்டீராய்டு சொட்டு போடுகிறீர்களா. இந்தக் கடைசி விஷயத்தைப் பாதிப் பேர் சொல்லவே மாட்டார்கள், அது 20 வயதிலேயே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

திடீரென்று பார்வை குறைந்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

7. அடுத்த தடவை

காலையில், தூங்கி எழுந்த தெளிவில் போங்கள். நடு வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். பாதிப் புள்ளிகள் தெரியாமல்தான் இருக்கும், மெஷின் உங்களால் பார்க்க முடிகிற எல்லையைத் தேடுகிறது, அதனால் ஃபெயில் ஆகிறோம் என்று பதற வேண்டாம். கண் எரிந்தால் பட்டனை அழுத்தியபடியே பிடியுங்கள், டெஸ்ட் நின்று காத்திருக்கும்.

அவளுக்கு டாக்டர் சொல்லி, மைனஸ் கொஞ்சம் கூட்டி மறுபடி எடுத்தார்கள், திட்டு பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அழுத்தம் சரி, நரம்பு போட்டோவை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். பழைய தாள்களைக் கிழிக்கப் போனாள், பிடுங்கி வைத்தேன். முதல் இரண்டின் மேல் மட்டும் பென்சிலில் “கணக்கில் இல்லை” என்று எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.